குதிரை வருடத்துப் பிள்ளை: வாசகர் கேள்வி பதில்

இந்த வருடம் மகா சிவராத்திரி பெப்ரவரி 15இல் வந்தது. கோணேசர் நகர்வலம் வருகிறார் என்று வாசலுக்கு வாசல் நிறைகுடம் வைத்துக் காத்திருந்த அதே கிழமையில், 17ஆம் திகதி சீனப் புத்தாண்டும் பிறந்தது. அன்றிலிருந்து ஆளுக்கொரு வீடியோ கைபேசியில் வர, 'உங்கள் மிருகம் எது, உங்களுக்கு என்ன நடக்கும்' என்று ஊர் முழுக்க அதே பேச்சு. எனக்கு வந்த கேள்விகளும் பெரும்பாலும் அதைப் பற்றியவைதான். அதனால் இந்த இதழ் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

அக்கா, எனக்கு இப்போது ஐந்தாம் மாதம். மாமியின் தங்கச்சி ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, இது நெருப்புக் குதிரை வருடமாம், இதில் பெண்பிள்ளை பிறந்தால் கட்டுகிறவனுக்கு ஆகாதாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு மாறிய மாமியின் முகம் இன்னும் தெளியவில்லை. இதில் ஏதும் உண்மை இருக்கிறதா?
– வாசகி, உப்புவெளி

தங்கச்சி, உங்கள் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. முதலில் அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதை ஆறுதலாகச் சொல்கிறேன்.

சீனர்களின் வருடக் கணக்கில் பன்னிரண்டு மிருகங்கள் மாறி மாறி வரும். அதோடு மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்று ஐந்து பூதங்களும் ஒவ்வொன்றும் இரண்டிரண்டு வருடமாகச் சேர்ந்து வரும். இரண்டும் சேர்ந்து ஓடி மறுபடி முதலிலிருந்து தொடங்க அறுபது வருடம் ஆகும். நெருப்பும் குதிரையும் சேர்வது அந்த அறுபதில் ஒரே ஒரு வருடம்தான். போன தடவை 1966, இந்தத் தடவை 2026.

நீங்கள் கேள்விப்பட்ட அந்தப் பயம் சீனாவை விட ஜப்பானில்தான் ஆழமாக ஊறியது. 1683இல் எடோ நகரத்தில் (இன்றைய தோக்கியோ) தீ வைத்த குற்றத்துக்காக ஓஷிச்சி என்ற இளம்பெண்ணைக் கொன்றார்கள். அவள் நெருப்புக் குதிரை வருடத்தில் பிறந்தவள் என்று கதை பரவியது. நாடகமும் பாட்டுமாக அந்தக் கதை தலைமுறை தலைமுறையாக ஓடி, கடைசியில் அந்த வருடத்துப் பெண்கள் எல்லோர் மேலும் பழியாக விழுந்தது. 1966இல் ஜப்பானில் பிறப்புகள் முந்தைய வருடத்தை விட ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைந்தன. 1965இல் 18 லட்சத்துக்கு மேல் பிறந்த நாட்டில் 1966இல் 13 லட்சத்து 60 ஆயிரம் பிள்ளைகள்தான். அடுத்த வருடமே எண்ணிக்கை மறுபடி ஏறிவிட்டது. ஒரு மிருகத்தின் பெயரைக் கேட்டு ஒரு நாடே பிள்ளை பெறத் தயங்கியது என்றால் பாருங்கள். அந்த வருடம் பிறந்த பெண்கள் படித்து, வேலை பார்த்து, கலியாணம் கட்டி, இப்போது அறுபது வயதுக்கு வருகிறார்கள். சாபம் என்று ஒன்று அவர்களைத் தொடர்ந்தது என்றால், அது ஊர் பேசிய பேச்சு மட்டும்தான்.

சீனாவில் குதிரைக்கு மதிப்பு அதிகம். 'குதிரை வந்து சேர்ந்ததும் வெற்றி' என்று ஒரு வாழ்த்தே இருக்கிறது, ஓடும் குதிரைப் படத்தைக் கடையிலும் அலுவலகத்திலும் மாட்டி வைப்பார்கள்.

மாமியிடம் சொல்ல இன்னொன்றும் இருக்கிறது. நமக்கும் அறுபது வருடச் சுற்று உண்டுதானே. இந்தச் சித்திரையில் பிறக்கும் தமிழ் வருடத்தின் பெயர் பராபவ. பராபவம் என்றால் தோல்வி, அவமானம் என்று அகராதியில் போட்டிருக்கிறது. 1966 சித்திரையில் பிறந்ததும் இதே பராபவ வருடம்தான். அந்த வருடம் பிறந்தவர்கள் நம் ஊரிலேயே எத்தனை பேர்! மாமியின் சொந்தத்திலேயே யாராவது இருப்பார்கள். அவர்கள் எல்லாம் தோற்றுப் போனவர்களா என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். கோபமாகக் கேட்க வேண்டாம், மாமியும் பயத்தில்தான் முகத்தைத் தூக்குகிறார். கிளினிக் போகிற நாளைத் தவற விடாதீர்கள், இரும்புச்சத்துக் குளிசையை ஒழுங்காகப் போடுங்கள். பிறந்த பிறகு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

எலி ஏன் முதலாவது? யானையும் சிங்கமும் இருக்க, எலிக்கு எப்படி அந்த இடம் கிடைத்தது?
– தரம் எட்டு மாணவன், திருகோணமலை நகரம்

நல்ல கேள்வி, தம்பி. சீனப் பிள்ளைகளும் பாட்டிமாரிடம் இதைத்தான் கேட்பார்கள். அதற்கு ஒரு கதை உண்டு. வானுலகத்தை ஆளும் பச்சைமணி அரசர் ஒரு போட்டி வைத்தார்: ஆற்றைக் கடந்து முதலில் வந்து சேரும் பன்னிரண்டு மிருகங்களுக்கு ஆளுக்கொரு வருடம். எலிக்கு அந்த வெள்ளத்தை நீந்திக் கடக்கப் பலம் இல்லை, எருதின் முதுகில் ஏறிக்கொண்டது. கரை வந்ததும் எருதின் தலைக்கு மேலால் பாய்ந்து முதலில் போய் நின்றுவிட்டது. பாவம் எருது இரண்டாவது. பிறகு புலி. கல்லிலும் மரக்கட்டையிலும் தாவித் தாவி முயல் வந்தது. பறக்கத் தெரிந்த டிராகன் ஐந்தாவதாக வந்ததும் அரசருக்கே ஆச்சரியம். கேட்டால், வழியில் ஒரு ஊர் மழையில்லாமல் வாடியதாம், மழை பெய்துவிட்டு வந்தேன் என்றது, அதோடு மரக்கட்டையில் தத்தளித்த முயலைக் கரை சேரட்டும் என்று ஊதிவிட்டதும் அதுதான். எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான், தம்பி.

பாம்பு குதிரையின் காலில் சுற்றிக்கொண்டு வந்து கடைசி நேரத்தில் வெளியே பாய, குதிரை மிரண்டு பின்வாங்கி ஏழாவதானது. ஆடு, குரங்கு, சேவல் மூன்றும் சேர்ந்து தெப்பம் ஓட்டி வந்தன. நாய்க்கு நன்றாக நீந்தத் தெரியும், ஆனால் தண்ணீரில் விளையாடிக்கொண்டே நின்றுவிட்டது. பன்றி சாப்பிட்டுவிட்டு நித்திரை கொண்டுவிட்டுக் கடைசியில் வந்தது.

பூனை? அதுவும் எலியோடு சேர்ந்து எருதின் முதுகில்தான் வந்தது, எலி அதைத் தண்ணீரில் தள்ளிவிட்டது. அன்று தொடங்கிய பகை என்று கதையை முடிப்பார்கள். ஆனால் வியட்நாமில் முயல் இல்லை, அந்த இடத்தில் பூனைதான், எருதுக்குப் பதில் எருமை.

நான் 2000 ஜனவரியில் பிறந்தேன். எல்லோரும் டிராகன் என்கிறார்கள். டிராகன் ஆட்களுக்கு அதிஷ்டம் அதிகமாமே?
– வாசகர், சீனக்குடா

சீனக்குடாவிலிருந்து இந்தக் கேள்வி வந்ததே ஒரு பொருத்தம்தான். நீங்கள் டிராகன் இல்லை, முயல். ஜனவரி 1ஆம் திகதி மிருகம் மாறாது. மாசியை ஒட்டி வரும் ஒரு அமாவாசையில்தான் மாறும், ஜனவரி 21க்கும் பெப்ரவரி 20க்கும் இடையில். 2000இல் அது பெப்ரவரி 5. நீங்கள் அதற்கு முன்னமே பிறந்துவிட்டீர்கள்.

மற்றவர்களும் தங்களுடையதைப் பார்த்துக்கொள்ள ஒரு சுலபமான வழி: பிறந்த வருடத்தைப் பன்னிரண்டால் வகுத்து மிச்சத்தைப் பாருங்கள். மிச்சம் 4 வந்தால் எலி, 5 எருது, 6 புலி, 7 முயல், 8 டிராகன், 9 பாம்பு, 10 குதிரை, 11 ஆடு, மிச்சமே இல்லாவிட்டால் குரங்கு, 1 சேவல், 2 நாய், 3 பன்றி. ஜனவரியிலோ பெப்ரவரித் தொடக்கத்திலோ பிறந்தவர்கள் மட்டும் அந்த வருடத்துப் புத்தாண்டுத் திகதியைத் தேடிப் பார்க்க வேண்டும்.

அதிஷ்டத்தைப் பற்றிக் கேட்டீர்கள். 1988, 2000, 2012 என்று டிராகன் வருடம் வந்த போதெல்லாம் சிங்கப்பூரிலும் தாய்வானிலும் ஹொங்கொங்கிலும் பிள்ளைப் பிறப்பு கூடியது, டிராகன் பிள்ளை வேண்டும் என்று காத்திருந்து பெற்றார்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்த போது பள்ளிக்கூட இடத்துக்கும் வேலைக்கும் அதே வயதில் கூடுதல் பேர் வரிசையில் நின்றார்கள். அதை அதிஷ்டம் என்பதா என்று நீங்களே சொல்லுங்கள். முயலுக்கு வருவோம். நிலாவில் முயல் தெரிகிறது என்று நம் அம்மம்மாமார் காட்டுவார்களே, சீனர்களும் அதே நிலாவில் அதே முயலைத்தான் காண்கிறார்கள், அங்கே அது உரலில் மருந்து இடித்துக்கொண்டிருக்கும். எட்டாம் மாதப் பறுவத்தில் நிலாப் பணியாரம் செய்து அதைக் கொண்டாடுவார்கள்.

தம்பிக்குப் பேசி வந்த சம்பந்தத்தில் பெண் அவனை விட ஆறு வயது குறைவு. சாதகம் பொருந்துகிறது. ஆனால் மலேசியாவில் இருக்கும் மச்சாள், சீன முறைப்படி ஆறு வயது வித்தியாசம் கூடவே கூடாது என்கிறா. என்ன செய்யலாம்?
– வாசகி, கன்னியா

உங்கள் மச்சாள் சொன்ன வழக்கம் இருப்பது உண்மைதான். பன்னிரண்டு மிருகத்தையும் வட்டமாக வைத்தால் நேர் எதிரே ஆறாவதாக நிற்பது மோதும் மிருகம். எலிக்குக் குதிரை, எருதுக்கு ஆடு, புலிக்குக் குரங்கு, முயலுக்குச் சேவல், டிராகனுக்கு நாய், பாம்புக்குப் பன்றி. நான்கு வருட இடைவெளியில் வருபவை நட்பு.

நம்மிடமும் இதே மாதிரி ஒன்று இருக்கிறது, யோனிப் பொருத்தம். அசுவினிக்குக் குதிரை, பரணிக்கு யானை, ரோகிணிக்குப் பாம்பு, மகத்துக்கு எலி, ஆயிலியத்துக்குப் பூனை, உத்தராடத்துக்குக் கீரி என்று இருபத்தேழு நட்சத்திரத்துக்கும் மிருகம் வைத்திருக்கிறார்கள். எலியும் பூனையும் சேராது, பாம்பும் கீரியும் சேராது. சாத்திரியார் அதையும் பார்த்துத்தானே பொருத்தம் சொன்னார்? ஒரு வீட்டு வழக்கப்படி பார்த்து முடித்த பிறகு, அடுத்த வீட்டு வழக்கத்தில் ஒரு தடையைத் தேடிக் கொண்டுவருவது எனக்குச் சரியாகப் படவில்லை. அப்படித் தேடினால் உலகத்தில் ஒரு கலியாணமும் நடக்காது. பெண்ணுக்கும் பெடியனுக்கும் பேசிப் பிடித்திருக்கிறதா என்று கேளுங்கள். பிடித்திருந்தால் நாளைப் பாருங்கள்.

நிலாவெளியில் ஹோட்டலில் வேலை செய்கிறேன். சீன விருந்தாளிகள் வந்தால் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது?
– வாசகர், நிலாவெளி

நான்காம் இலக்க அறையைக் கொடுப்பதைத் தவிர்க்கப் பாருங்கள். சீன மொழியில் நான்கும் சாவும் ஏறக்குறைய ஒரே ஒலி. எட்டு என்றால் சந்தோஷப்படுவார்கள், அது செல்வம் பெருகுவதற்கான சொல்லோடு ஒலிக்கும். பரிசு கொடுப்பதானால் மணிக்கூடு வேண்டாம், 'மணிக்கூடு கொடுப்பது' என்று சீனத்தில் சொன்னால் இறுதிச் சடங்கு செய்வது போலக் கேட்கும். எதையும் இரண்டு கையாலும் நீட்டுங்கள், காசு அட்டையாக இருந்தாலும் சரி. வெள்ளை நிறம் அங்கே துக்கத்துக்கு உரியது, அதனால் புத்தாண்டு நாளில் மேசைக்கு வெள்ளைப் பூ வைக்காதீர்கள், சிவப்பு வையுங்கள். வாழ்த்து: 'சின் நியன் குவாய் லெ', புத்தாண்டு வாழ்த்துகள் என்று அர்த்தம். இதை நீங்கள் சிரித்த முகத்தோடு சொன்னாலே போதும், உச்சரிப்புப் பிசகினாலும் ஒருவரும் குறையாக எடுக்கமாட்டார்கள்.

சீனர்கள் சிவப்பு உறையில் காசு கொடுப்பது நம்முடைய கைவிசேஷம் மாதிரியா? நீங்கள் சிங்கப்பூரில் இருந்தவர் என்று ஒருமுறை எழுதியிருந்தீர்கள், அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள்.
– வாசகி, மூதூர்

கேட்டதற்கு நன்றி அம்மா, நான் சொல்ல ஆசைப்பட்ட விடயம் இது.

சிங்கப்பூரில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு சீனப் பாட்டி இருந்தார். புத்தாண்டுக்கு ஒரு கிழமை முன்பே வீட்டைத் தலைகீழாக்கிக் கழுவுவார், அலுமாரிக்குப் பின்னால் இருக்கும் தூசி வரைக்கும். ஆனால் புத்தாண்டு அன்றைக்குத் தும்புத்தடியைத் தொடவிடமாட்டார். கூட்டினால் வந்த செல்வமும் சேர்ந்து வெளியே போய்விடுமாம். செவ்வாய், வெள்ளி பின்னேரத்தில் வீடு கூட்டினால் ஏசும் என் அம்மாவைத்தான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

புத்தாண்டுக்கு முதல் நாள் இரவுச் சாப்பாடுதான் அவர்களுக்கு எல்லாவற்றிலும் பெரியது. எந்த ஊரில் வேலை செய்தாலும் பிள்ளைகள் அந்த இரவுக்கு வீட்டுக்கு வந்துவிட வேண்டும். ஒரு வருடம் என்னையும் கூப்பிட்டார்கள். மேசை நடுவில் முழு வௌவால் மீன், இஞ்சி கீறிப் போட்டு ஆவியில் அவித்தது, தலை பாட்டியைப் பார்த்தபடி. மேல்பக்கச் சதை முடிந்ததும் நான் பழக்கத்தில் கரண்டியை அடியில் கொடுத்து மீனைப் புரட்டப் போனேன். பாட்டி சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். பிடித்த கையை விடாமலே மற்றக் கையால் நடுமுள்ளை வாலிலிருந்து மெதுவாக, ஒரு முள்ளும் உடையாமல் தூக்கி எடுத்து ஓரத்தில் வைத்துவிட்டு, கீழ்ப்பக்கச் சதையைக் காட்டி, இப்போது சாப்பிடு என்றார். அவருடைய அப்பா கடலுக்குப் போனவராம். மீனைப் புரட்டினால் படகு புரளும். அவர் இறந்து நாற்பது வருடம், படகும் இல்லை, கடலுக்குப் போக அந்த வீட்டில் ஆளும் இல்லை. ஆனாலும் மீன் புரளவில்லை. மூதூரில் இருக்கும் உங்களுக்கு அது விளங்கும், அம்மா. இன்னொன்று, மீனை முழுவதும் முடிக்கமாட்டார்கள், கொஞ்சம் மிச்சம் வைப்பார்கள். சீனத்தில் மீனுக்கும் மிச்சத்துக்கும் ஒரே ஒலி. வருடா வருடம் வீட்டில் மிச்சம் இருக்க வேண்டும் என்ற ஆசை அது.

அடுத்த நாள் காலை சிவப்பு உறை. அங்கே ஆங்பாவ் என்பார்கள். கலியாணம் முடித்தவர்கள் முடிக்காதவர்களுக்கும், பெரியவர்கள் சிறியவர்களுக்கும் கொடுப்பார்கள். தாள் புதுசாக, மடிப்பு விழாமல் இருக்க வேண்டும், அதற்காக வங்கியில் வரிசை நிற்கும். தொகை இரட்டைப்படையில், நான்கு மட்டும் ஆகாது. கொடுத்தவர் முன்னால் உறையைத் திறக்கக்கூடாது. பார்க்கப் போகிறவர்கள் வெறுங்கையோடு போகாமல் இரண்டு தோடம்பழம் கொண்டுபோய்க் கொடுப்பார்கள், திரும்பும்போது அந்த வீட்டாரும் இரண்டு கொடுத்து அனுப்புவார்கள்.

நம்முடைய கைவிசேஷத்தில் பஞ்சாங்கம் சொன்ன நேரம் பார்த்து, வெற்றிலையில் காசும் நெல்லும் வைத்துத் தருவார்கள், வாங்கிக் காலில் விழுந்து கும்பிடுவோம். அந்தக் காசை உடனே செலவழிக்காதே என்று வைத்திருக்கச் சொல்வார்கள். உறை வேறு, வெற்றிலை வேறு. கொடுக்கிற கையில் இருக்கும் மனது இரண்டு இடத்திலும் ஒன்றாகத்தான் எனக்குப் பட்டது. ஒன்று மட்டும் கவலை. இப்போது இரண்டு பக்கமும் கைபேசியில் காசு அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். தூரத்தில் இருப்பவர்களுக்குச் சரி, அதே வீட்டில் இருக்கும் பேரனுக்கும் அப்படி அனுப்பாதீர்கள். கையில் கொடுங்கள்.

சிங்க நடனம், டிராகன் நடனம் இரண்டும் ஒன்றா?
– வாசகர், தம்பலகாமம்

இல்லை. சிங்கத்துக்குள் இரண்டு பேர், ஒருவர் தலை, ஒருவர் பின்பக்கம். டிராகனுக்கு நீளமான உடம்பு, பலர் வரிசையாகத் தடிகளில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், ஆட்கள் வெளியே தெரிவார்கள். கடை வாசலில் தொங்கும் கீரையைச் சிங்கம் எட்டிக் கவ்வி, மென்று, துப்பும், அது செல்வத்தைப் பரப்புவதாம். மேளம் விடாமல் அடிக்க வேண்டும், சத்தமும் சிவப்பும் நியன் என்ற பூதத்தைத் துரத்தும் என்பது பழைய நம்பிக்கை.

சைவ ஆட்களுக்குச் சீனத் திருவிழா எதற்கு? இரண்டு பக்கத்தை இதற்குச் செலவழிப்பதை விட நம் பண்டிகைகளைப் பற்றி எழுதலாமே.
– மூத்த வாசகர், திருகோணமலை

ஐயா, உங்கள் ஆதங்கம் எனக்கு விளங்குகிறது. கோபிக்காமல் கேளுங்கள். காலையில் தேத்தண்ணீருக்குப் போடுவது சீனி. கோயில் திருவிழாவில் பிள்ளைகள் கொளுத்துவது சீனவெடி. சொல்லிலேயே சீனா உட்கார்ந்திருக்கிறது. அப்புறம் வருடக் கணக்கு. வியாழன் வானத்தை ஒரு தடவை சுற்றி வரப் பன்னிரண்டு வருடத்துக்குச் சற்றுக் குறைவாக எடுக்கும். நாம் அதைக் குரு பெயர்ச்சி என்று பார்க்கிறோம். சீனர்கள் வியாழனுக்கு 'வருட நட்சத்திரம்' என்றே பெயர் வைத்தார்கள், அவர்களுடைய பன்னிரண்டு வருடச் சுற்றும் அதோடு தொடர்பு உள்ளது. இரண்டு இனமும் ஒரே வெளிச்சப் புள்ளியை இரவிரவாகப் பார்த்துத்தான் வருடத்தை எண்ணியிருக்கிறது.

1911இல் காலியில் ஒரு கல்வெட்டு கிடைத்தது. 1409ஆம் ஆண்டுத் திகதி பொறித்தது, சீனக் கப்பற்படைத் தலைவர் செங் ஹோ கொண்டுவந்து நாட்டியது. அதில் மூன்று மொழி: சீனம், தமிழ், பாரசீகம். சீனத்தில் புத்தருக்குக் காணிக்கை, பாரசீகத்தில் இஸ்லாத்துக்கு, தமிழில் தெவிநுவரையில் கோயில் கொண்ட தேனாவரை நாயனாருக்கு. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று காணிக்கைப் பட்டியல் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கிறது. சீனப் பேரரசர் நம் மொழியில் நம் சுவாமிக்குக் காணிக்கை எழுதி அனுப்பியிருக்கிறார், ஐயா. அந்தக் கல் இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நான் பார்த்த அன்றைக்கு வெளிச்சம் குறைவு, எழுத்துகள் தேய்ந்து போய்க் கிடந்தன, உச்சியில் செதுக்கிய இரண்டு டிராகன்கள்தான் முதலில் கண்ணில் பட்டன. குனிந்து, பக்கவாட்டில் நின்று பார்த்தால்தான் தமிழ் எழுத்து பிடிபடும். கொழும்புக்குப் போகும்போது பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள், ஒரு சின்ன டோர்ச்சும் எடுத்துக்கொண்டு போனால் நல்லது.